வீட்டுப் புராணம்: கேட்பவர் வைத்த பெயர்

(பெரியகல்லாற்றில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் ஒருவர் நெடுநேரம் பேசுவார், மற்றவர்கள் மரியாதை கருதி எழுந்து போகாமல் இருப்பார்கள். அந்த நிலைமைக்குப் பொருத்தமான சொல் ஒன்றையே இன்றைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். அந்தச் சொல் புராணம். கோயிலில் படிக்கும் புராணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் வீட்டில் படிக்கும் புராணம். "இந்தா, அம்மா தொடங்கிட்டா புராணத்த", "அவர்ட புராணம் இண்டைக்கு முடியாது", "உங்கட பழம் புராணத்த விட்டுட்டு வந்த அலுவலச் சொல்லுங்க" என்று கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட இந்தக் கரையில் நாள்தோறும் காதில் விழுகிற புராணம் அது. சுயபுராணம், மருமகள் புராணம், வருத்தப் புராணம் என்று எந்த அடைமொழியையும் ஏற்றுக்கொள்ளும் புராணம்.

ஒருவர் வழமையாகக் கதைக்கும் முறைக்கு இலக்கிய வகை ஒன்றின் பெயரை ஊர் எப்படிச் சூட்டியது, யாருக்குச் சூட்டியது, சூட்டியதால் என்ன விளைந்தது என்பவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். முடிவை முன்னதாகவே சொல்லிவிடலாம். தன் பேச்சைப் புராணம் என்று எவரும் அழைப்பதில்லை. அது கேட்கிறவர் வைக்கும் பெயர். ஆகையால் அந்தப் பெயரை ஆராய்ந்தால் பேசியவரின் குணத்தோடு கேட்டவரின் குணமும் வெளிப்பட்டுவிடும்.

கதையும் பேச்சும் போதாமல்

தமிழ்நாட்டார் பேசுவார்கள், இலங்கைத் தமிழர் கதைப்பார்கள். நம்மிடம் "அம்மா பேசினா" என்றால் பல வேளைகளில் அம்மா ஏசினா என்றே பொருள். சாதாரண உரையாடலுக்கே 'கதை' என்ற சொல்லைச் செலவழித்துவிட்டோம். சந்தையில் மீன் விலை கேட்பதும் கதைதான், தொலைபேசியில் நலம் விசாரிப்பதும் கதைதான். எனவே நீண்ட பேச்சை, பழகிப்போன பேச்சை, முன்பே கேட்ட பேச்சைப் பிரித்துக்காட்ட வேறு சொல் வேண்டியிருந்தது. அலட்டல், புசத்தல் என்பவை இருக்கின்றன. ஆனால் அவை ஒழுங்கற்ற பேச்சைக் குறிப்பவை. அம்மாவின் பேச்சில் ஒழுங்கு இருக்கிறது. தொடங்கும் இடம் ஒன்றுதான், திரும்பும் இடங்கள் ஒன்றுதான், முடியும் இடமும் ஒன்றுதான். ஒழுங்கும் நீளமும் பழமையும் சேர்ந்த பேச்சுக்குக் கோயில் வீதியில் தயாராக ஒரு பெயர் கிடைத்தது.

புராணம் என்ற வடசொல்லுக்குப் பழையது என்பதே அடிப்படைப் பொருள். உலகத் தோற்றம், ஒடுக்கம், மரபு, மனுக்களின் காலம், அம்மரபினரின் சரிதம் என ஐந்து இலக்கணம் வகுத்து, பதினெட்டு மகாபுராணங்களை எண்ணிச் சொல்வது வடமொழி மரபு. தமிழில் மணிமேகலை சமயவாதிகளை வரிசைப்படுத்தும் இடத்தில், திருமாலின் புராணத்தை ஓதுகிற ஒருவரும் வருகிறார். திருவாசகத்தின் முதற்பகுதியான சிவபுராணமோ 95 அடிகளில் முடிந்துவிடுகிறது. அங்கே புராணம் என்பதற்குப் பழமை என்ற பொருள்தான் உயிரோடு இருக்கிறது. நீளம் இன்னும் வந்து சேரவில்லை.

நீளம் பிறகு வந்தது. சேக்கிழாரின் பெரியபுராணம் நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் பதினாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு புராணம் வேண்டும் என்ற ஆசை பரவி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை (1815-1876) போன்றவர்கள் ஊர் ஊராகத் தலபுராணம் பாடினார்கள். அதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் நட்டுவச் சுப்பையனார் வண்ணார்பண்ணைக் கோயில் நடனமாது ஒருத்தியை வைத்துக் 'கனகி புராணம்' என்று நையாண்டி பாடினார். ஓர் இலக்கிய வகையைக் கேலிக்கு எடுத்தாள வேண்டுமென்றால் அதன் வடிவம் கேட்கிறவர் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அவ்வளவு பழகிய வடிவத்தைப் புலவர் மட்டும் கேலிக்கு எடுத்தார் என்று நினைக்கத் தேவையில்லை. அடுப்படியிலும் திண்ணையிலும் இருந்தவர்களுக்கும் அந்த உரிமை இருந்தது.

படிப்பவர், பயன் சொல்பவர், கேட்பவர்

பெயர் எந்தக் காட்சியிலிருந்து வந்தது என்று பார்க்க, புராணப் படிப்பு நடக்கும் முறையை நினைவுபடுத்திக்கொள்வோம். ஒருவர் செய்யுளை இராகத்தோடு இழுத்துப் படிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதைச் சொற்பிரித்துப் பயன் சொல்வார். படிப்பவர் ஓர் அடியை நிறுத்தினால் பயன்காரர் எடுத்துக்கொள்வார். அவர் முடித்தால் இவர் தொடருவார். ஏனையோர் கேட்டிருப்பார்கள். கேட்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கதை தெரியும். சூரபன்மன் என்ன ஆவான் என்பதை அறிந்துகொள்ள யாரும் கந்தசட்டி விரதகாலத்தில் கோயிலுக்குப் போவதில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதை வழிபாடாகவே நிகழ்ந்து தீமிதிப்பில் முடிகிறது. பாண்டவர் வெல்வார்களா என்ற ஐயத்தோடு அங்கே தீக்குழியைச் சுற்றி நிற்பவர் ஒருவரும் இல்லை.

இந்தக் காட்சியில் நான்கு இயல்புகளைக் காணலாம். சொல்லப்படுவது முன்பே தெரிந்தது. அதற்கு மாறாத வரிசை உண்டு. நடுவில் எழுந்து போவது தகாது. நான்காவது இயல்பைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். படிப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே பயன் சொல்பவர் ஒருவர் இருக்கிறார்.

வீட்டுப் புராணத்துக்கு முதல் மூன்று இயல்புகளும் அப்படியே பொருந்தும். பெரியம்மா தன் கலியாணக் கதையைத் தொடங்கினால் எந்த இடத்தில் பெருமூச்சு விடுவா என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். இடையில் யாரும் கேள்வி கேட்டுக் குழப்பினால் "எங்க விட்டன்?" என்று கேட்டு, விட்ட இடத்துக்கும் முன்னால் போய்த் தொடங்குவா. "மறுகா" என்ற நம் மட்டக்களப்புச் சொல் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அடுத்ததோடு கோத்துக்கொண்டு போகும். மறுகா இது நடந்தது, மறுகா அவர் வந்தார், மறுகா என்ன, எல்லாம் முடிஞ்சி. எழுந்து போனால் மரியாதைக் குறைவு. எல்லாம் இருக்கிறது, பயன் சொல்பவர் மட்டும் இல்லை. கோயிலில் பக்தியோடு சொன்ன சொல், பயன்காரர் இல்லாத வீட்டில் சலிப்போடு சொல்லும் சொல் ஆயிற்று.

சூறாவளிப் புராணம்

1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை எடுத்துக்கொள்வோம். அதில் 900க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். தென்னந்தோப்புகள் சாய்ந்தன. ஓலைக்கூரையும் ஓட்டுக்கூரையும் ஒன்றுபோலப் பறந்தன. அதற்குப் பிறகு பிறந்த தலைமுறைக்கு அந்தக் கதையைக் கேட்காத மழைக்காலமே இல்லை. கார்த்திகையில் காற்றுச் சற்று உரத்து வீசினால் போதும், வீட்டில் யாராவது தொடங்கிவிடுவார்கள். "அம்மம்மாட சூறாவளிப் புராணம்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்தக் கதைக்குள் என்ன இருந்தது? சூறாவளியின் நடுக்கண் கடக்கும்போது காற்று ஓய்ந்து, பின் எதிர்த் திசையிலிருந்து வீசும் என்பது வானிலைப் பாடம். அதை அனுபவித்த முதியவர் "ஓஞ்சிட்டு எண்டு வெளிய போகாத, மறுகாத்தான் மற்றப் பக்கத்தால அடிக்கும்" என்று சொன்னால், அது பாடப்புத்தகம் சொல்வதைக் குறுக்கிச் சொல்லும் எச்சரிக்கை. எந்த மேட்டில் ஏறி நின்றோம், எந்தக் கட்டடம் தாங்கியது, கிணற்றுத் தண்ணீர் எத்தனை நாளைக்கு உப்பாக இருந்தது, யார் வீட்டில் அரிசி இருந்தது, அதை யார் பகிர்ந்தார் என்பவையெல்லாம் அதே கதைக்குள் வரும். ஒருமுறை கேட்டு மறந்துபோகக்கூடிய செய்தியை நூறுமுறை கேட்டு மறக்க முடியாதபடி ஆக்குவதுதான் புராணத்தின் வேலை. திரும்பச் சொல்வது கிழவியின் மறதியால் என்று பேரன் நினைக்கிறான். பேரனின் மறதிக்கு எதிராகத்தான் கிழவி திரும்பச் சொல்கிறா.

1957ஆம் ஆண்டு வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அதுவே ஆண்டுக்கணக்கு. பிறகு வந்தவர்களுக்கு எழுபத்தெட்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்த பிறகு, 'சுனாமிக்கு முன்னம்', 'சுனாமிக்குப் பிறகு' என்பதே இந்தக் கரையோரத்தின் காலக்கோடு. நாடு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோரை விழுங்கிய அந்த அலையைக் கண்ட பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். அவர்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் சிரிக்கவும் தொடங்கியிருப்பார்கள். சிரித்தவர்களுக்குச் சொல்லும் முறை வந்திருக்கிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டுப் புராணத்துக்கும் ஆசிரிய பரம்பரை உண்டு என்பதையே சுட்டுகிறேன்.

மட்டக்களப்புப் பேச்சுத்தமிழ் ஏனைய பேச்சு வழக்குகளைவிட இலக்கிய வழக்குக்கு நெருங்கியது என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் கருதினார். அதை நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தத் தமிழைக் கலப்பில்லாமல் கதைக்கிற ஆச்சிமார் பேசத் தொடங்கினால் கைத்தொலைபேசியை எடுத்துக்கொள்கிறோம். அயலூரான பெரியநீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணன் (1931-1975), உழவர் வாழ்க்கையை அவர்களுடைய பேச்சின் மணத்தோடு 'வேளாண்மை' என்ற காவியத்தில் பதிந்தார். வயல்வெளியில் சலிப்பூட்டும் நீண்ட பேச்சு என்று மற்றவர்கள் கடந்துபோனதில் அவருக்குக் காவியம் கேட்டது. நீலாவணன் வித்தியாசமான பேச்சு எதையும் தேடிப் போகவில்லை. எல்லாரும் கேட்டதைத்தான் கேட்டார்.

எவருக்கு எந்தப் பெயர்

புராணம் தனியாக நிற்கவில்லை. பேசும் முறைக்குப் பெயர் வைக்கும்போது தமிழர் பெரும்பாலும் கோயிலையும் மரணவீட்டையும் கூத்துக்களரியையும்தான் நாடினார்கள். ஒரே குறையைத் திருப்பிச் சொல்பவர் பல்லவி பாடுகிறார். பிறர் சொன்னதற்கெல்லாம் ஆமோதிப்பவர் பின்பாட்டுப் பாடுகிறார். இந்தப் பின்பாட்டு, அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, கூத்தர் பாடியதைப் பக்கத்தில் நின்றவர்கள் திருப்பிப் பாடும் வடமோடி, தென்மோடிக் களரியை நமக்கு நேராக நினைவூட்டும். இல்லாமையைச் சொல்பவர் பஞ்சப்பாட்டுப் பாடுகிறார். துயரத்தைச் சொல்பவர் ஒப்பாரி வைக்கிறார். கடிந்துகொள்பவர் அர்ச்சனை செய்கிறார். புத்தி சொல்பவர் பிரசங்கம் வைக்கிறார்.

பிரசங்கம் என்ற சொல்லுக்கு இந்த மாவட்டத்தில் தனி வரலாறே உண்டு. 1814இல் வெஸ்லியன் மதத்தொண்டர் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலிருந்தே எண்ணுகிறது. வடக்கில், வெஸ்லியன் பாடசாலையில் பீற்றர் பேர்சிவலோடு பணியாற்றிப் பிரசங்க முறையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். இரு சமயத்தாரும் மேடைக்கு ஏற்றிய அந்தச் சொல்லை வீடு எடுத்துக்கொண்டு, "பிரசங்கம் வைக்காத" என்று தகப்பனிடம் சொல்லப் பழகிற்று. தகப்பன் காதில் விழாதபடிதான்.

இந்தப் பெயர்களை யார் தலையில் வைக்கிறோம் என்று கவனியுங்கள். பிரசங்கம், உபதேசம், வியாக்கியானம் என்பவை பெரும்பாலும் ஆண்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அதிகாரிகளுக்கும். அவற்றில் கேலி இருந்தாலும் பேசுபவருக்கு ஒரு மேடை இருப்பதை அவை ஒப்புக்கொள்கின்றன. ஒப்பாரி, புலம்பல் என்பவை பெண்களுக்கு. பஞ்சப்பாட்டு ஏழைக்கு. புராணம் முதுமைக்கு, அதிலும் முதிய பெண்ணுக்கு. கைம்பெண் காணிப் பிணக்கைப் பற்றிப் பேசினால் ஒப்பாரி. அதே காணியைப் பற்றி அவளுடைய தமையன் பேசினால் நியாயம். சொல்லப்பட்ட சேதி ஒன்றுதான். பெயரை மாற்றியதும் பதில் சொல்லும் கடமை கேட்டவரை விட்டுப் போய்விட்டது. ஒப்பாரிக்கு யாரும் பதில் சொல்வதில்லை, முடியும்வரை காத்திருப்பார்கள்.

இது தமிழருக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. யூத மரபின் தீர்க்கதரிசி எரேமியா, எருசலேம் அழியப்போகிறது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஐரோப்பிய மொழிகளில் அவருடைய பெயரிலிருந்தே நீண்ட முறைப்பாட்டுக்கு ஒரு சொல் பிறந்தது. பிரெஞ்சுக்காரர் சலிப்பூட்டும் புலம்பலை 'ஜெரெமியாத்' என்பார்கள். எரேமியா சொன்னது நடந்தது, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியர் நகரை அழித்தார்கள். சொன்னது மெய்யானபோதும், திரும்பத் திரும்பச் சொன்னார் என்ற குற்றம் மட்டும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

வழக்குரையும் வாக்குமூலமும்

இனி, இந்த மண்ணுக்கே உரிய ஒரு முரணுக்கு வருகிறேன். மட்டக்களப்பு மக்கள் ஆண்டுதோறும் கூடியிருந்து கேட்கிற பழைய பாடல்களில் தலையாயது எது? கண்ணகி வழக்குரை. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், வந்தாறுமூலை என்று வடக்கும் தெற்குமாகக் கண்ணகை அம்மன் கோயில்கள் நிறைந்த பிரதேசம் இது. வைகாசியில் கதவு திறந்து, சடங்கு நடந்து, குளுத்தியோடு முடியும் அந்த நாட்களில் வழக்குரைக் காதைகள் படிக்கப்படுகின்றன. கடலோட்டு காதை, வழக்குரைத்த காதை, குளிர்ச்சிக் காதை என்று வரிசையாகப் போகும் அந்த நூலை வித்துவான் வி. சீ. கந்தையா பதிப்பித்துத் தந்தார். 1964இல் வெளிவந்த 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற அவருடைய நூல் இந்தப் பிரதேசத்தின் வழக்காறுகளைத் தேடுவோருக்கு இன்றும் கைவிளக்கு. சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஆதாரமாக வைத்து 'யாழ்நூல்' செய்து, அது வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்த சுவாமி விபுலாநந்தர் பிறந்ததும் கண்ணகை அம்மன் ஊரான காரைதீவில்தான்.

கண்ணகி வழக்குரையின் பொருள் என்ன? கணவனை இழந்த ஒரு பெண் அரசனின் சபைக்குப் போய், நீ விசாரிக்காமல் கொன்றாய் என்று முறையிடுகிறாள். சான்று காட்டுகிறாள். அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர் விடுகிறான். நகரம் எரிகிறது. பிறகு அவளுடைய கோபம் தணிக்கப்பட வேண்டும்; அதற்குத்தான் குளுத்தி. அந்த ஒரு முறைப்பாட்டை ஒவ்வொரு வைகாசியிலும் முதலிலிருந்து படிக்கிறோம். சென்ற ஆண்டும் இதையேதான் சொன்னாள் என்று பூசகரான கட்டாடியாரிடம் யாரும் சலித்துக்கொள்வதில்லை. அவள் வழக்கைச் சொல்லி முடிக்காவிட்டால் ஊருக்கு மழையும் நலமும் இல்லை என்பது நம் நம்பிக்கை. கோபத்தைக் கேட்டுத் தீர்த்தால்தான் குளிர்ச்சி வரும் என்று நம் முன்னோர் ஒரு சடங்கையே அமைத்துவைத்தார்கள்.

அதே மண்ணில், 1990 செப்டம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. அவர்களையும், அந்த ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும் காணாமல் ஆக்கப்பட்ட ஏனையோரையும் தேடிய தாய்மாரும் மனைவிமாரும் எத்தனை இடத்தில் கதை சொல்லியிருக்கிறார்கள்! 1994இல் வலய ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. வடக்கு கிழக்குக்கு ஒன்று. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. 2013இல் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு. 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். அதற்கு உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டது 2018இல். ஒவ்வொன்றின் முன்னும் அந்தப் பெண்கள் தொடக்கத்திலிருந்து சொல்லவேண்டியிருந்தது. பிள்ளையின் பெயர், வயது, எந்த நாள், எந்த நேரம், என்ன உடுப்பு, யார் கூட்டிப் போனது. புதிய ஆணைக்குழு, புதிய படிவம், கதை பழையது.

நாளும் நேரமும் பிசகாத இந்த வரிசையை அவர்கள் விரும்பிக் கற்கவில்லை. பிசகினால் 'முன்னர் வேறு மாதிரிச் சொன்னீர்கள்' என்ற கேள்வி வரும். பிசகாமல் சொன்னால் 'மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்' என்ற பேச்சு வரும். விசாரித்த நிறுவனங்களே அந்தப் பேச்சைப் புராணத்தின் கட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தின. பிறகு நம்மவர்கள் சிலரே, அயல்வீட்டிலும் அலுவலகத்திலும் மேடையிலும், "இன்னும் அந்தப் பழைய புராணந்தானா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கல்லிலும் செம்பிலும் இருக்கிற ஒரு பெண்ணின் வழக்கை ஆண்டுதோறும் கேட்கிறோம். அடுத்த வளவில் உயிரோடு இருக்கிற பெண்ணின் வழக்கை ஐந்தாம் முறை கேட்கப் பொறுக்கவில்லை. முதலாவதுக்கு வழக்குரை என்று பெயர். இரண்டாவதுக்குப் புராணம் என்று பெயர். இரண்டிலும் சொல்லப்படுவது ஒரே வகையான நியாயம். வித்தியாசம் ஒன்றுதான்: கண்ணகியின் வழக்கில் அரசன் பதில் சொல்லிவிட்டான். பதில் கிடைத்த முறைப்பாட்டைத் திருப்பிக் கேட்பது வழிபாடாகிறது. பதில் கிடைக்காத முறைப்பாட்டைத் திருப்பிக் கேட்பது நமக்குச் சுமையாகத் தெரிகிறது. அந்தச் சுமையை இறக்கிவைக்க நாம் கண்டுபிடித்த சொற்களில் ஒன்றுதான் புராணம்.

இச்சொல்லை எங்கே வைப்பது

அப்படியென்றால் சொல்லையே விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. சலிப்பும் மனித இயல்பு. அதற்கும் மொழியில் இடம் வேண்டும். எல்லா நீண்ட பேச்சும் அறிவுக் களஞ்சியமும் இல்லை. தன் பதவியையும் தன் பிள்ளைகளின் வெளிநாட்டு வாழ்க்கையையும் திரும்பத் திரும்ப விரிப்பவருக்குச் சுயபுராணம் என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது. குறிப்பாக, ஒலிவாங்கியும் மாலையும் முன்வரிசையும் உடையவர்கள் இச்சொல்லுக்குத் தகுதியானவர்கள். கேட்பவர்கள் எழுந்து போக முடியாத இடத்தில் பேசுவதால் கேலி ஒன்றே அங்கே சபைக்கு எஞ்சியிருக்கும் உரிமை. என்மீதும் அதைச் செலுத்தலாம்.

மேடை இல்லாதவரிடம் மட்டும் இதைச் சொல்லாதிருப்போம். அவர்களிடம் செய்யவேண்டிய வேலை வேறு. புராணப் படிப்பில் நடுவே இருந்த பயன்காரரின் இடத்தை நான் சொன்னேன். அவர் கதைக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. கேட்ட அடியை நிறுத்தி, பிரித்து, இது இன்ன பொருள் என்று சபைக்குக் கொடுக்கிறார். வீட்டில் காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில் போய் உட்காரக்கூடியவர்கள் இங்கே இருக்கிற மாணவர்கள்.

அதற்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, சொல்பவரின் வரிசையிலேயே எழுதுங்கள். ஆண்டு வரிசைப்படி அடுக்கிச் சீர்செய்யாதீர்கள். சூறாவளியைச் சொல்லும்போது நடுவில் கலியாணம் வந்தால் அது வந்த இடத்திலேயே இருக்கட்டும். ஏன் அங்கே வந்தது என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்கவேண்டிய பயன். 'மறுகா'வை 'பின்னர்' என்று திருத்தவேண்டாம்.

இரண்டாவது, ஒரே கதையை இரண்டு தடவை, சில மாத இடைவெளியில் கேட்டு எழுதி, அருகருகே வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் கதையில் ஒரு பெயர் கூடியிருக்கும். ஒரு பெயர் விடுபட்டிருக்கும். முதல்முறை 'ஆக்கள் வந்தாங்க' என்றவர், அடுத்தமுறை யார் வந்தார்கள் என்று சொல்லியிருப்பார். நம்பிக்கை கூடும்போதுதான் சில சொற்கள் வெளியே வரும். முதல் கேட்பில் கிடைக்காதது நாலாவது கேட்பில் கிடைக்கும். ஆகவே 'இதை முன்பே கேட்டுவிட்டேன்' என்பது பயன்காரர் சொல்லக்கூடாத வசனம்.

மூன்றாவது, எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். எதை வெளியே சொல்லலாம், எது வீட்டோடு இருக்கவேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். வாவிக்கு அப்பால் மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வாய்கட்டித்தான் பூசை செய்கிறார். வாய் திறவாமலும் ஒரு கடமையைச் செய்யலாம் என்பது நமக்குத் தெரிந்த மரபு. சில கதைகளுக்குப் பயன் சொல்வதைவிட அவற்றைக் காத்து வைப்பதே பயன்.

கடல்நாச்சியம்மன் குடிகொண்ட இந்த ஊரிலும், களுவாஞ்சிகுடி தொடக்கம் துறைநீலாவணைவரை உள்ள அயலூர்களிலும் ஐம்பத்தேழு வெள்ளத்தைக் கண்டவர்கள் இன்று மிகச் சிலர். எழுபத்தெட்டைக் கண்டவர்கள் முதுமைக்குள் போய்விட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிய தாய்மார் பலர் பதில் அறியாமலே இறந்துவிட்டார்கள். அவர்களோடு போன கதைகளை இனி எந்த ஆணைக்குழுவும் பதிய முடியாது. இந்த அறக்கட்டளை ஆண்டுக்கு ஒருவரை மேடைக்கு அழைத்துப் பேசச் சொல்கிறது. அதன் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு இந்த நாற்காலியில், ஊரார் 'புராணம்' என்று பெயர் வைத்த ஒரு தாயை இருத்துங்கள். பக்கத்தில் பயன் சொல்ல ஒரு மாணவியை இருத்துங்கள். நேர எல்லை வைக்காதீர்கள். அச்சிடும்போது அவர் சொன்ன வரிசையை மாற்றாதீர்கள்.